மச்சான் சம்பளத்துக்குப் பார்த்த காடு

மச்சான் துபாய் வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு வந்து சேர்ந்த அன்று, கூடத்தில் பெட்டியைத் திறந்ததும் மேலாக இருந்தது ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். கறுப்பு நிறம். தொடை வரைக்கும் ஏறுகிற உயரம். மடிக்க முடியாமல் பெட்டியில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் கையை விட்டு சாக்லெட் பொட்டலங்களையும் இரண்டு அத்தர் புட்டிகளையும் மச்சான் ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சுற்றியிருந்தவர்களுக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்களின் கண் பூட்ஸை விட்டு நகரவில்லை. என் அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். "இதப் போட்டுக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவப் போறீங்க?" என்று லாத்தா கேட்டாள். மச்சான் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "கல்யாணத்துக்கு இல்ல, சேத்துக்கு" என்றார்.

லாத்தாவின் கணவர் என்பதால் எனக்கு அவர் மச்சான். அவருக்கு நான் மாப்ள. துபாயில் என்ன வேலை என்று கேட்டால் எங்கள் ஊர் ஆட்களில் பாதிப்பேர் 'சூப்பர்வைசர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். மச்சான் உண்மையாகவே சூப்பர்வைசர்தான், ஆனால் அதைச் சொல்ல மாட்டார். "தோட்டக்காரன்" என்பார். நகராட்சிக்குச் சொந்தமான பூங்காக்களையும் சாலையோரப் புல்வெளிகளையும் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு கம்பெனியில் அவர் வேலை பார்த்தார். நிலம் அரசாங்கத்தினுடையது, பார்த்துக்கொள்கிறவன் வேறு ஒருவன், அதற்கு மாதம் தவறாமல் பணம். இந்த ஏற்பாடு அவருக்கு அத்தனை பிடித்திருந்தது. நாங்கள் அந்த ஊரின் உயரமான கட்டடங்களைப் பற்றிக் கேட்டால் அவர் புல்லைப் பற்றிச் சொல்வார். "ரோட்டு நடுவுல மொளைக்கிற புல்லுக்குக்கூட அங்க ஒரு ஆள் இருக்கான் மாப்ள. நம்ம ஊர்ல அம்மாம் பெரிய காட்டுக்கு ஒரு ஆள் இல்ல."

அவர் காடு என்று சொன்னது வெள்ளாறு கடலில் சேர்கிற இடத்துக்குத் தெற்கே கிடக்கிற சதுப்பை. சுரபுன்னைக் காடு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பிச்சாவரத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் படகில் சுற்றிப் பார்க்கிற பகுதி அல்ல. இது யாரும் வராத ஓரம். பல வருடங்களுக்கு முன்பு வனத்துறை அங்கே மீன் முள்ளைப் போல, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டிக் கன்றுகள் நட்டிருந்தது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே போக வேண்டும், வற்றும்போது வெளியே வர வேண்டும். அந்த மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் மரம் பிழைக்கும். வாய்க்காலில் வண்டல் தேங்கினால், வெள்ளத்தில் வருகிற பிளாஸ்டிக்கும் கிழிந்த வலையும் அடைத்தால், தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்று சூடாகி, உப்பு ஏறி, மரம் பட்டுப்போகும். வெட்டுவதற்கும் நடுவதற்கும் அன்றைக்குப் பணம் இருந்தது. அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள எந்தக் கணக்கிலும் இடமில்லை.

பிறகு ஒரு திட்டம் வந்தது. நிலம் அரசுடையதாகவே இருக்கும். லாபம் பார்க்காத உள்ளூர்ச் சங்கம் ஒன்று அதைப் பராமரிக்கலாம், செய்கிற வேலைக்கு வனத்துறை பணம் தரும். இந்தச் செய்தி வந்த அன்று மச்சான் சிதம்பரம் மேல வீதியில் இருந்த என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "மாப்ள, நீதான் செயலாளர்" என்றார். எந்தச் சங்கத்துக்கு என்றுகூடச் சொல்லவில்லை. என் தகுதி என்ன என்று கேட்டேன். "உங்கிட்ட கம்ப்யூட்டர் இருக்குல்ல" என்றார்.

பொருளாளராக வந்தவர் பக்கத்து மீனவர் குப்பத்தைச் சேர்ந்த ஒரு அம்மா. சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் குரலுக்கு மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும். சங்கத்தில் சேர அவர் போட்ட ஒரே நிபந்தனை, வேலைக்கு வருகிற பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே கூலி என்பது. மச்சான் உடனே ஒத்துக்கொண்டார். "இன்னா பாய், பேரம் பேசாம ஒத்துக்கினீங்க?" என்று அந்த அம்மா கொஞ்சம் ஏமாற்றமாகவே கேட்டார். பேரம் பேசாமல் ஒரு காரியம் முடிவது அவருக்குப் பழக்கமில்லை.

கூலி என்ற சொல்தான் முதலில் எல்லாரையும் இடறியது. பள்ளிவாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு பெரியவர் மச்சானை நேராகவே கேட்டார். "மரம் வளக்கிறது சதக்கா இல்லியா பாய்? தர்மத்துக்குப் போயி காசு வாங்குறது நல்லாருக்கா?" கடையில் இருந்தவர்கள் எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நடுறது சதக்காதான். நட்டதப் பாத்துக்கிறது வேலை. நாம மோதினாருக்குச் சம்பளம் குடுக்கலியா? அவரு பாங்கு சொல்றது தர்மம் இல்லாமப் போயிடுச்சா?" என்றார். உள்ளே கடைசி பெஞ்சில் மோதினாரே உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. பள்ளிவாசலில் ஐந்து வேளையும் பாங்கு சொல்கிற அந்த மனிதர், "சொல்லுங்க பாய், நல்லா சொல்லுங்க. அப்புடியே கொஞ்சம் ஜாஸ்தி பண்ணச் சொல்லுங்க" என்றார். கடையே சிரித்தது. அந்தப் பெரியவரும் சிரித்தார். அன்றோடு அந்தக் கேள்வி எங்கள் ஊரில் ஓய்ந்தது.

முதல் நாள் வேலை மறக்க முடியாதது. மச்சான் துபாய் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தளபதியைப் போல எல்லாருக்கும் முன்னால் படகிலிருந்து இறங்கினார். மூன்றாவது அடியில் வலது பூட்ஸைச் சேறு பிடித்துக்கொண்டது. கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. நான்கு பேர் இழுத்தும் அது உள்ளேதான் போயிற்று. பொருளாளர் அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு அவரைத் தாண்டிப் போய், "வா பாய், அது துபாய் சேறு இல்ல" என்றார். மச்சான் இடது பூட்ஸையும் கழற்றிப் படகுக்குள் எறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து லாத்தா கிணற்றடியைத் தாண்டி உள்ளே விடவில்லை.

அந்த வருடங்களில் நான் பார்த்த மச்சானைத்தான் இப்போதும் மனதில் வைத்திருக்கிறேன். நேரத்துக்கு வேலை ஆரம்பிக்க வேண்டும் என்பதில் கறார். ஆனால் வேலை நடக்கும்போது பாட்டு, கிண்டல், ஊர்க்கதை. கரையோரம் கன்றுகளை மேய வருகிற ஆடுகளை "யல்லா, யல்லா!" என்று அரபியில் விரட்டுவார். ஆடுகளுக்கு அது புரிந்துவிடும், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஆட்டுக்காரர்களிடம் மட்டும் தமிழில் பேசுவார், கையெடுத்துக் கும்பிட்டுப் பேசுவார். வாய்க்காலில் அடைத்திருந்த குப்பையை எடுத்துவிட்டதும் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு சுழித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்குமே, அந்த நேரத்தில் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். எத்தனையோ தடவை பார்த்தும் அவருக்கு அது அலுக்கவில்லை. எனக்கும்தான். கடை வேலையை விட்டுவிட்டு நான் அடிக்கடி அங்கே போனதற்குச் செயலாளர் பதவி ஒரு சாக்கு.

லாத்தாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "ஊர் காட்டைக் கூட்டிப் பெருக்கறதுக்கு இவருக்குச் சம்பளம். வூட்டைக் கூட்டிப் பெருக்குற எனக்கு யாரு குடுக்கிறா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். மச்சான் ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் தன் அந்த மாதச் சம்பளத்தை அப்படியே அவள் கையில் வைத்தார். லாத்தா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இது போன மாசத்துக்கு" என்றாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டுச் செலவுக்கு மச்சான்தான் அவளிடம் கையேந்த வேண்டியிருந்தது.

மரங்கள் வளர்ந்தன. ஒப்பந்தக் காலம் முடிகிற வருடம் வாய்க்கால் கரைகளில் ஆள் உயரத்துக்கு மேல் பச்சைச் சுவராக நின்றன. நண்டு பிடிக்கிறவர்கள் எங்கள் பகுதியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கடலூரிலிருந்து ஒரு சேதி வந்தது. மரம்தான் நன்றாக வளர்ந்துவிட்டதே, இனிமேல் பராமரிப்புக்குத் தனியாகப் பணம் எதற்கு என்று மேலே பேச்சு இருக்கிறது, ஆய்வுக்கு ஒரு அதிகாரி வருவார், அவர் சொல்கிறபடி ஒப்பந்தம் நீளும் அல்லது முடியும் என்றார்கள். எங்களுக்கு இது புதிராக இருந்தது. வேலையை மோசமாகச் செய்திருந்தால் பணம் நின்றிருக்கும். நன்றாகச் செய்ததற்கும் நிற்கப்போகிறது.

குப்பத்தில் வலை பழுதுபார்க்கிற கொட்டகையில் எல்லாரும் கூடினோம். வேலைக்கு வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு இந்தக் கூலியை நம்பித்தான் அரிசி. எங்கள் படகோட்டிதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு மழைக்காலம் சும்மா விட்டுப் பாப்போம். வாய்க்கா தூந்து நாலு மரம் காஞ்சுதுன்னா அவுங்களே நம்மளத் தேடி ஓடியாருவாங்க." யாரும் மறுக்கவில்லை. சிலர் தலையாட்டினார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாலு மரம் போனால் நாற்பது மரத்தைக் காப்பாற்றலாம் என்றுதான் நினைத்தார்.

மச்சான் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் போடவில்லை. எழுந்து நின்றார். "துபாயில எனக்கு மேல ஒருத்தன் இருந்தான். கான்ட்ராக்ட் முடியப் போவுதுன்னு தெரிஞ்சதும் ராவோட ராவா தண்ணிக் குழாய அடச்சு வெச்சான். அம்மாம் பெரிய புல்லுத் தரை அப்புடியே காஞ்சு போச்சு. புதுசா நடறதுக்குன்னு கான்ட்ராக்ட் திரும்ப அவனுக்கே கெடச்சுது. அந்தக் காஞ்ச புல்லை வெயில்ல உக்காந்து புடுங்குனது யாரு தெரியுமா? நானு. நான் தண்ணி ஊத்தி வளத்த புல்லு." செருப்பைக்கூடப் போடாமல் வெளியே நடந்தார்.

மறுநாள் காலையில் அவர் மண்வெட்டியோடு தனியாகத் துறைக்குப் போனார். ஒப்பந்தப்படி அந்த மாதத்து வேலை முடிந்திருந்தது. கூலி கிடையாது. பொருளாளர் அம்மா மீன் கூடையை மருமகளிடம் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தார். "பாய் ஒத்தையா போனா இந்தத் தபா ஆளையே சேறு முழுங்கிடும்" என்றார். கொஞ்ச நேரத்தில் படகோட்டியும் வந்தார். படகை அவிழ்த்தார். எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். கூலி இல்லாமல் வர முடியாதவர்கள் வரவில்லை, அவர்களை மச்சான் ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. "அவுங்க வரலன்னா அதுதான் நியாயம். வயிறு இருக்குல்ல" என்பார். வந்தவர்களை வைத்துக்கொண்டு பெரிய வாய்க்காலை மட்டுமாவது ஓடவைத்தோம்.

அதிகாரி வந்தார். இளவயது, இஸ்திரி கலையாத பேன்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. எதையும் எளிதில் நம்பக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தவர் போலிருந்தார். மச்சான், பொருளாளர் அம்மா, நான் எல்லாரும் கூடப் போன படகு எங்கள் வாய்க்காலின் வாயை நெருங்கியதும், "நீங்க காட்டுறத மட்டும் நான் பாக்க மாட்டேன். அந்தப் பக்கம் விடுங்க" என்று எதிர்த் திசையில் இருந்த ஒரு திறப்பைக் காட்டினார். "சார், அது நம்ம ஏரியா இல்ல" என்றார் மச்சான். அதிகாரியின் முகத்தில் 'பிடித்துவிட்டேன்' என்ற வெளிச்சம் வந்தது. "பரவால்ல, அங்கதான் போவணும்" என்றார். படகோட்டி, "தண்ணி வத்துற நேரம் சார், மாட்டிக்கும்" என்றார். அதிகாரி அதையும் நம்பவில்லை.

போனோம். இரண்டு வளைவுதான் தாண்டியிருப்போம், படகின் அடி வண்டலில் உட்கார்ந்துவிட்டது. படகோட்டி கழியை ஊன்றினார். கழி இறங்கியதே தவிர படகு அசையவில்லை. அதிகாரி தானே இறங்கித் தள்ளுவதாகச் சொல்லிக் காலை வைத்தார். வெள்ளை ஷூ என்ன நிறமாயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. மச்சானும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை மேலே இழுத்துப் போட்டோம். இனிக் கடல் ஏறினால்தான் வெளியே போக முடியும்.

வெயில் ஏறியது. பசி எடுத்தது. பொருளாளர் அம்மா கொண்டுவந்த தூக்கில் மீன் குழம்பு, லாத்தா கட்டிக்கொடுத்த பாத்திரத்தில் இறால் வறுவல். ஆவலோடு மூடியைத் திறந்து நீட்டினால் அதிகாரி தலையைத் திருப்பிக்கொண்டார். சுத்த சைவம்! பொருளாளர் அம்மாவுக்கு வந்த கவலையைப் பார்க்க வேண்டுமே. "புள்ள பட்டினியா கெடக்குதே" என்று புலம்பிக்கொண்டு சோற்று மூட்டையைத் துழாவினார். கடைசியில் லாத்தா எனக்காக வைத்திருந்த மாங்காய் ஊறுகாய்தான் அரசாங்கத்தைக் காப்பாற்றியது. வெறும் சோற்றையும் ஊறுகாயையும் அதிகாரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவர் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. முதல் முறையாகச் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார்.

பார்ப்பதற்கு அங்கே நிறைய இருந்தது. இலையில்லாத சாம்பல் நிறக் குச்சிகள் வரிசையாக நின்றன. வெள்ளம் வந்த உயரம் வரைக்கும் கிளைகளில் பிளாஸ்டிக் பைகள். கிழிந்த வலை ஒன்றில் ஒரு கொக்கின் எலும்பு. இதுவும் அதே வருடம் வெட்டிய வாய்க்கால், அதே நாளில் நட்ட கன்றுகள். அதிகாரி அந்தக் குச்சிகளைக் காட்டிக் கேட்டார்.

"இந்த எடத்த யாரு பாத்துக்கிறாங்க?"

"யாரும் இல்ல சார்" என்றார் மச்சான்.

"ஏன்?"

"யாருக்கும் சம்பளம் இல்ல சார்."

தண்ணீர் ஏறி, படகு மிதந்து, திரும்பும் வழியில் எங்கள் வாய்க்காலுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் பச்சை. இலைகளிலிருந்து ஒரு குளிர்ச்சி வந்து முகத்தில் பட்டது. அதிகாரி படகின் விளிம்பில் கையைத் தொங்கவிட்டு, ஓடுகிற தண்ணீரில் விரல்களை அளையவிட்டுக்கொண்டே வந்தார்.

ஒப்பந்தம் நீண்டது. நாங்கள் மாட்டிக்கொண்ட அந்தச் செத்த வாய்க்காலையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கடலூரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது அந்த அதிகாரி மச்சானைத் தனியாக அழைத்து, "இப்பவாவது உண்மையச் சொல்லுங்க பாய். வேணும்னேதானே 'அது நம்ம ஏரியா இல்ல'ன்னு சொல்லி என்ன அந்தப் பக்கம் போவ வெச்சீங்க?" என்று கேட்டார். "சத்தியமா இல்ல சார். நான் வேணாம்னுதான சொன்னேன்?" என்றார் மச்சான். அதிகாரி நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மச்சான் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். "பொய் சொன்னப்பல்லாம் என்னய எல்லாரும் நம்பியிருக்காங்க மாப்ள. ஒரு தபா உண்மையச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

இப்போது மச்சானுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கடலூர் முதுநகரில் மகள் வீட்டில் லாத்தாவோடு இருக்கிறார். சங்கத்துக்குப் பொருளாளர் அம்மாதான் தலைவர். நானும் செயலாளர் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் எனக்கே தெரியாதவர்கள். போன மாதம் மச்சான், ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று பிடிவாதம் பிடித்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். லாத்தாவோடு மூவருமாக ஒரு படகை அமர்த்திக்கொண்டு உள்ளே போனோம். ஒரு காலத்தில் அவர் நெஞ்சளவில் பார்த்த மரங்கள் தலைக்கு மேல் வளைந்து கூரை போட்டிருந்தன. லாத்தா வாங்கிவந்த வேர்க்கடலையை மச்சான் கொறித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடலை தீர்ந்தது தெரியாமல் கை பொட்டலத்தைக் கசக்கியது. காகிதம் தண்ணீரில் விழுந்தது.

"பெரியவரே!" என்று ஒரு குரல். இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் நிமிர்ந்து நின்றாள். "பாத்தா படிச்சவரு மாரி இருக்கீங்க. இதுல குப்ப போடலாமா? நாங்க இன்னா இங்க வெளையாடிக்கிட்டா இருக்கோம்? எடுங்க அத."

எனக்குச் சுரீரென்றது. இவர் யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். மச்சான் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். பிறகு கஷ்டப்பட்டுக் குனிந்து, நனைந்த காகிதத்தை எடுத்துப் பிழிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தப்புதாம்மா. இனிமே போட மாட்டேன்" என்றார். "ம்" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

படகு வளைவு திரும்பும் வரைக்கும் மச்சான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து தண்ணீர் சொட்டி வேட்டியெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"இன்னா அதட்டு அதட்டுறா பாத்தியா மாப்ள?" என்றார் பூரிப்பாக. "சம்பளம் வாங்குறால்ல!"